ஆலாக்கள் முட்டையிட்ட பாதை

பெருமாள்மலையில் மேகம் இறங்கும்போது என் கடைப் பெட்ரோமாக்ஸில் கிளம்பும் மண்ணெண்ணெய் வாடை, ஐம்பதுகளில் அப்பா கலங்கரை விளக்குக் காவலராக இருந்த தீவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது அங்கே போகத்தான். வீட்டுக்கும் விளக்குக்கும் நடுவே ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் வெறும் மணலில் முட்டையிட்டுக் கிடக்கும். அவை கொத்த வருமென்று தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு நடப்போம்.

கரைக்குச் சாமான் வாங்கப்போன அப்பாவின் படகு ஒருநாள் பொழுது சாய்ந்தும் வரவில்லை. வெளிச்சமில்லாவிட்டால் பாறையில் மோதிவிடுவார். கடலைக் கண்டாலே நடுங்கும் மலைக்காரியான அம்மா முறத்தை எடுத்தாள்.

"முட்டைய மிதிச்சிருவோம்மா."

"வெரசா வா புள்ள. ஒங்கப்பா வந்து முட்டைக்கு அழுதுக்கிடட்டும்."

முறத்தில் அலகுகள் டப்டப்பென்று விழ, காலடியில் எப்போது நொறுங்குமோ என்று பதறியபடி போய்ப் படியேறினோம். நான் காற்றடிக்க, அம்மா பற்றவைக்க, விளக்கு சீறிக்கொண்டு எரிந்தது. வெகுநேரம் கழித்துக் கீழிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"எவடி அவ, என் சோலியப் பாக்குறது?"

இப்போது அங்கே விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. தீவைப் பறவைகளுக்கே விட்டுவிட்டார்கள். மகனின் லாரி மலையேறி வரும்வரை, கடையைச் சாத்தினாலும் நான் பெட்ரோமாக்ஸை அணைப்பதில்லை.