சம்பந்திக்குக் கொடுத்த கிராங்க்

போன வருடம் தேசாரு கடற்கரையில் நடந்த டிரையத்லானில், நீந்தி முடித்து, பைக் மிதித்து முடித்து, ஓட்டத்தின் கடைசி கிலோமீட்டரில் நான் ஏறக்குறைய உயிரோடு இருந்தபோது, யாரோ என் முதுகில் தட்டினார்கள். திரும்பினால் என் சம்பந்தி. மகளின் மாமனார்.

"மெதுவா வாங்க சம்மந்தி, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனார்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் ஒரு வயது இளையவர். அதையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. தட்டியதை வேண்டுமானால் மன்னித்திருப்பேன். ஆனால் மூன்று வாரம் கழித்துப் பேரனுக்குக் காது குத்தினார்கள். கோயில் மண்டபத்தில், பந்தி நடக்கும்போது, அவர் எழுந்து நின்று என் ஓட்டத்தை நடித்துக் காட்டினார். ஒரு கை தொந்தியில், ஒரு கை இடுப்பில், வாய் திறந்தபடி. காது குத்தி அழுதுகொண்டிருந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. நான் பாயசத்தைக் குடித்தேன். பெண்ணைக் கொடுத்தவன் சபையில் வேறென்ன செய்ய முடியும்? சம்பந்தியைத் திருப்பிக் கேலி செய்ய சாஸ்திரத்தில் இடமில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்: அவரை ஜெயிக்க வேண்டும். அதே கடைசி கிலோமீட்டரில், அதே வாக்கியத்தைச் சொல்லி.

உடம்பை மாற்றுவது இந்த வயதில் நடக்காது. ஆகவே பைக்கை மாற்றலாம் என்று உலு திராமில் உள்ள ஒரு சீனரின் சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் என்னைக் குனிந்து மிதிக்கச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு மிதிக்கும் என் முழங்கால் மேலே வந்து தொந்தியை நலம் விசாரித்துவிட்டுத்தான் இறங்கியது.

"பெருட் பெசார், கிராங்க் பாஞ்சாங். மானா போலே, அங்கிள்?" என்றார்.

வயிறு பெரிது, கிராங்க் நீளம், எப்படி ஆகும் என்கிறார். பெடலைத் தாங்குகிற உலோகக் கைதான் கிராங்க். அது நீளமாக இருந்தால் முழங்கால் அதிகம் மேலே ஏறும், இடுப்பு மடங்கும், இறங்கி ஓடும்போது மடக்கு நாற்காலி மாதிரி பாதி மடங்கியே ஓட வேண்டும். வயிறு, கிராங்க் இரண்டில் ஒன்றைக் குறைக்க வேண்டியிருந்தது. ஸ்பானரால் குறைக்கக்கூடியதைத் தேர்ந்தெடுத்தேன்.

என் பைக்கோடு வந்தது நூற்று எழுபத்தைந்து மில்லிமீட்டர். முதலில் நூற்று அறுபத்தைந்து போட்டேன். முழங்கால் தொந்தியைத் தொடுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் மரியாதையாகத் தொட்டது. அடுத்து நூற்று ஐம்பத்தைந்து. இதைப் போட்டுப் பத்து நாள் பொந்தியான் சாலையில் மிதித்து முழங்கால் வீங்கி வந்தபோது, சீனர் என் இருக்கையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். கிராங்கை இரண்டு சென்டிமீட்டர் குறைத்தால் இருக்கையை அதே அளவு உயர்த்த வேண்டும். தத்துவமெல்லாம் படித்திருக்கிறேன், இது அதில் எதிலும் இல்லை.

இருக்கையை உயர்த்தினேன். கியரை லேசாக்கி, காலை வேகமாகச் சுழற்றப் பழகினேன். இரண்டு மாதத்தில், பைக்கை விட்டு இறங்கியவுடன் நிமிர்ந்து ஓட முடிந்தது. வாய்க்குள் பூச்சி போகும் அளவுக்குச் சிரித்துக்கொண்டே ஓடினேன்.

"அவரு உங்க சம்மந்தியா, எதிரியா?" என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாதா?"

"நம்ம பொண்ணு அந்த வீட்டுல இருக்கா. அத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன். அதனால்தான் அடுத்து நடந்தது அவ்வளவு மரியாதையாக நடந்தது.

தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர் முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போனார். அங்கே அலமாரியில் என் பழைய நூற்று எழுபத்தைந்து கிராங்க் பளபளவென்று இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். பைக்கைத் துணியால் மூடியிருந்தேன். அதற்குக் காரணம் தூசி இல்லை.

"அலமாக்! நல்ல சாமான் சும்மா கெடக்குதே, சம்மந்தி?"

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பொருளை இரண்டு தடவை பார்த்தால், அதைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். அவர் மூன்று தடவை பார்த்தார். அவருடையது என் பைக்கின் அதே மாடல்தான். நான் வாங்கி ஒரு மாதத்தில் அவரும் வாங்கினார், இரண்டு அளவு சின்னது. கால்கள் குட்டை என்பதால் அவருக்கு நூற்று அறுபத்தைந்தோடு வந்தது. அதுவே அவருக்கு அதிகம்.

சொல்லிப் பார்த்தேன். மனசாட்சிக்குச் சாட்சி வேண்டுமே.

"கொஞ்சம் நீளம், சம்மந்தி. உங்களுக்கு..."

"நீளமா இருந்தாத்தானே பவர்! கடப்பாரை நீளமா இருந்தா கல்லு லேசா நகரும்லா."

'உங்களுக்கு' என்பதற்குப் பிறகு வரவேண்டியிருந்த சொல்லை அதிரசத்தோடு சேர்த்து விழுங்கினேன். வெற்றிலை, பாக்கு, சீப்பு வாழைப்பழம் வைத்த தட்டில் கிராங்கையும் வைத்து, மனைவியையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு கையாலும் கொடுத்தேன். இவ்வளவு முறையாக எந்தப் படைக்கலமும் எதிரியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்காது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருடப் பழக்கம் இருந்தது.

இந்த வருடம் தேசாருவில் அவர் எனக்கு முன்பே கடலைவிட்டு வந்தார். பைக்கில் பாதித் தூரத்தில் அவரைக் கண்டேன். இடுப்பு இருக்கையில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டுக்கல்லில் மாவாட்டுபவர்கள் அப்படி ஆடுவார்கள். அவர் தலையைக் கவிழ்த்து மிதித்துக்கொண்டிருந்ததால் நான் கடந்ததைப் பார்க்கவில்லை. பாராத வெற்றி வெற்றியா? ஆகவே ஓட்டத்தில் வேண்டுமென்றே நிதானித்தேன், என்று சொல்ல ஆசைதான். உண்மையில் மூச்சு வாங்க நின்றேன். தண்ணீர் வைத்திருந்த மேசையில் நான்கு டம்ளர் குடித்துக் கொண்டிருந்தபோது அவர் என்னைத் தாண்டி நொண்டிக்கொண்டு போனார்.

கடைசி கிலோமீட்டரில் மறுபடி பிடித்தேன். முழங்காலைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். முதுகில் தட்டினேன்.

"மெதுவா வாங்க சம்மந்தி..."

ஒரு வருடம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம். மீதியைச் சொல்ல மூச்சு இல்லை. கால்கள் மட்டும் என்னைக் கொண்டு போய்விட்டன. பத்தடி போன பிறகு மூச்சு வந்தது. பாதி வாக்கியத்தோடு வீட்டுக்குப் போனால் என்னால் தூங்க முடியுமா? திரும்பிப் பத்தடி நடந்து வந்து, அவர் முகத்துக்கு நேராக, "அவசரம் இல்ல" என்று முடித்துவிட்டுத் திரும்பவும் ஓடினேன். அந்த இருபதடியில் ஒருவர் என்னைக் கடந்துவிட்டார். எங்கள் வயதுப் பிரிவில் பதினொரு பேர். நான் ஒன்பதாவது, சம்பந்தி பத்தாவது. பதினொன்றாமவர் பைக்கில் டயர் வெடித்து லாரியில் வந்தார்.

முடிவுக்கோட்டுக்குப் பின்னால் அவர் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கிராங்க் சரியில்ல சம்மந்தி. முட்டி போச்சு. என் பழசயும் வித்துட்டேன். உங்ககிட்ட இன்னொண்ணு இருக்காமே? மருமக சொன்னுச்சு."

மகள் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டுக்குப் போனவள் அந்த வீட்டுப் பெண்தான்.

இருந்தது. நூற்று அறுபத்தைந்து, பெட்டியோடு. அவரது பழைய அளவுதான். அதைக் கொடுத்தால் அடுத்த வருடம் மறுபடி என் முதுகில் ஒரு கை விழும்.

"இருக்கு சம்மந்தி, நீங்க கேட்டா இல்லன்னு சொல்வேனா?" என்றேன். "ஆனா அது ரொம்பக் குட்டையா இருக்கும். பொம்பளைங்க, சின்னப் புள்ளைங்க போடுறது. உங்களுக்கு அது எதுக்கு?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆமாமா, நமக்கு எதுக்கு அது."

ஐஸ் பை நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து, துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன்.