குளிருக்குப் பயந்து ஐம்பது கிலோமீட்டர்

ஞாயிறு காலை 8.40, ஓசூர் பேருந்து நிலையம். கிருஷ்ணகிரி பேருந்தில் ஜன்னலோரமே கிடைத்துவிட்டது! ஆடிக் காற்றுக்குப் பயந்து ஸ்வெட்டர், மப்ளர், மேலே துப்பட்டா என்று மூட்டையாக உட்கார்ந்திருந்தேன். ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன். சீட்டை வாங்க விரல் மடங்கவில்லை. நடத்துநரே அதை என் கைப்பைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

பைக்குள் என் ராஜினாமாக் கடிதம் இருந்தது. வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் திருகு முடுக்கும் வேலை எனக்கு. ஏழு வருடம் ஒப்பந்தத்தில் கிடந்து, போன வருடம்தான் நிரந்தரமானேன். அதோடு விரல் மூட்டுகளில் முடக்குவாதமும் வந்தது. மருத்துவர் மாத்திரை எழுதினார். ஆனால் ஓசூரில் யாரைக் கேட்டாலும் "குளிருதாங்க காரணம்" என்பார்கள். பிழைக்க வந்த எங்களுக்குத் தும்மல் முதல் தூக்கமின்மை வரை எல்லாவற்றுக்கும் அந்தக் குளிர்தான் குற்றவாளி. நாளை கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வெயில் கொளுத்தும் சொந்த ஊர் வேலூருக்கே போய்விடுவதென்று முடிவு செய்திருந்தேன். வேலூர் வெயில் இருக்க மாத்திரை எதற்கென்று அதையும் நிறுத்தியாயிற்று. போவதற்கு முன், கிருஷ்ணகிரியில் மாதாமாதம் நடக்கும் மூட்டு, நரம்பு நோயாளிகள் கூட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கலாமென்று கிளம்பினேன்.

9.30. சூளகிரி தாண்டியதும் மப்ளரைக் கழற்றினேன். பக்கத்து இருக்கைப் பெண் கைபேசியில் கன்னடம், நடத்துநரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் பேசினாள்.

"என்னாக்கா, வெரல மடக்கி மடக்கிப் பாக்கற?"

"வெயில் ஏற ஏற மடங்குது பாரு!"

குருபரப்பள்ளியில் ஸ்வெட்டரும் போயிற்று. கிருஷ்ணகிரி வருவதற்குள் கையை முழுதாக மூடிவிட்டேன்! தலைகால் புரியவில்லை எனக்கு. அந்தப் பெண்ணின் கையை நானே இறுக்கிப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் இறங்கினேன்.

11.00. தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். ஏன் இவ்வளவு நேரம் கழித்துக் கூட்டம் என்று கேட்டேன். நடத்துபவர் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட். "அதுக்கு முன்னால இங்க யாருக்கும் கைகால் வராதுங்க" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் பக்கத்தில் மாந்தோப்பு விவசாயி முனிராஜ் உட்கார்ந்தார். என் விரல்களைப் போலவே அவர் விரல்களும் கணுக்கணுவாக வீங்கியிருந்தன.

"ஓசூருங்களாம்மா? அங்க வாடகைக்கு வீடு கெடைக்குமா?"

"எதுக்குங்கய்யா?"

"இந்த வெயிலுதான் மூட்டத் திங்குதுன்னு ஊரே சொல்லுது. தோப்பக் குத்தகைக்கு விட்டுட்டு உங்க குளுருக்கு வந்துடலாம்னு இருக்கறன்."

"அட கடவுளே! நான் உங்க வெயிலுக்கு ஓடி வரலாம்னு ராஜினாமாவே எழுதிட்டேங்கய்யா!"

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. முனிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"இன்னைக்குக் காலையில மடங்காத விரல் சூளகிரி தாண்டுனதும் மடங்குச்சுங்க, பொய்யா சொல்றேன்?"

பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நெஜந்தாங்க. தூங்கி எழுந்ததும் இறுகும், நேரமாக ஆகத் தளரும். நீங்க ஓசூருலயே உக்காந்திருந்தாலும் பத்து மணிக்கு மடங்கியிருக்கும். நம்மளக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டத் தாக்குற நோய் இது. குளுருல வலி கூடத் தெரியலாம், ஆனா நோயக் கொடுத்தது குளுரு இல்ல, வெயிலும் இல்ல. ரெண்டு பேரும் மொதல்ல டாக்டரப் பாருங்க, மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க."

பிறகு என்னிடம் கேட்டார்: "எத்தன மணி ஷிப்ட்டு?"

"காலை ஆறு."

"ஊர மாத்தாதீங்க, ஷிப்ட்ட மாத்துங்க. மதியம் ரெண்டு மணி ஷிப்ட்டு வேணும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் கொடுங்க. இங்க நாலு பேரு அப்படித்தான் வேலைக்குப் போறாங்க."

நாலு பேர்! அந்த நாலு பேரும் கையைத் தூக்கிக் காட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினேன். தட்டியதில் வலித்தது, இருந்தும் தட்டினேன்.

மாலை 4.00. திரும்பும் பேருந்து குருபரப்பள்ளியில் நின்றபோது ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன். சூளகிரியில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஏழெட்டு வருடமாகத் திட்டிய காற்று. ஜன்னலை மூடவில்லை. ராஜினாமாக் கடிதத்தை நாலாகக் கிழித்தேன். விரல்கள் சொன்னபடி கேட்டன.

ஓசூரில் இறங்கும்போது வேலூரிலிருந்து அம்மா அழைத்தார்.

"மாடி ரூம கழுவி வுட்டுட்டேன். எப்ப வர?"

"தீபாவளிக்கு வரேம்மா."

"அவ்ளோ நாள் ஆவுமா?"

"லீவு சொல்லிட்டுத்தானேம்மா வரணும்!"