பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

என் மனைவி சந்திரமதி மலேசியாவின் கூலாயில் ஒரு பாலர் பள்ளியில் கிளார்க். கணினியில் பிள்ளைகளின் படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து அலுத்துப்போய், அந்த வேலையைக் கணினியே செய்ய ஸ்கிரிப்ட் எழுத இணையத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். "ஒரு தட்டு தட்டினா போதும், எல்லாம் தானா ஆயிடும்" என்று அவள் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை.

இந்த வருடப் பட்டமளிப்பு விழாவில் பிள்ளைகளின் படங்களைத் திரையில் ஓட்டும் வேலையைக் கடைக்குக் கொடுக்க வேண்டாம் என்று தலைமையாசிரியை வாசுகியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். விழாவன்று காலை, சாமான் தூக்க என்னையும் கூட்டிப்போனாள். மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தோம். சீனப் பிள்ளைகள் வந்தார்கள், மலாய்ப் பிள்ளைகள் வந்தார்கள். தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை.

"அலமாக்! நம்ம பிள்ளைங்க எங்க சந்திரா?" என்றார் வாசுகி.

வாசலில் பெற்றோர் வரத் தொடங்கியிருந்தார்கள். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

சந்திரமதி படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். அதற்குள் 'கவின் ஏ' என்று அவள் வைக்காத ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் 'எல் ரூபேந்திரன்' என்ற பெயரில், கவின் ஏ/எல் ரூபேந்திரன் என்ற பையனின் படம். லோஷினி என்ற பிள்ளையின் பெயரும் அப்படியே இரண்டாகக் கிடந்தது. நம் அடையாள அட்டையில் இன்னாரின் மகன் என்பதற்கு மலாய்ச் சுருக்கம் ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி. ஃபைல் பெயரில் அந்தச் சாய்கோடு ஆகாது. முன்னால் இருப்பது ஃபோல்டர், பின்னால் இருப்பது ஃபைல் என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஃபோல்டர் இல்லையென்றால் நீயே உண்டாக்கிக்கொள் என்று இவள் எழுதிவைத்திருந்ததால், அது ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் செய்துவிட்டது. அந்த உள் ஃபோல்டர்களில் போய் விழுந்த படங்கள்தான் திரைக்கு வரவில்லை.

"உன் பேர்லயும்தானே ஏ/பி இருக்கு? பொறந்ததிலேர்ந்து எழுதுற, தெரியலையா?" என்றேன்.

"தினம் எழுதுறதாலதாங்க கண்ணுல படல. கொஞ்சம் சும்மா இருங்க லா!"

சாய்கோடு வந்தால் சிறுகோடாக மாற்று என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்ற மற்ற ஆகாத குறிகளையும் அதிலேயே அடக்கினாள். மறுபடி தட்டினாள். அதற்குள் மண்டபம் நிறைந்து விளக்கையும் அணைத்துவிட்டார்கள். முழுதாக ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

சீனப் பிள்ளைகள் சிலர் வந்து போனார்கள். அடுத்து, முன்பல் இல்லாத வாயோடு ஒரு முகம் திரை முழுக்கச் சிரித்தது.

"அம்மா! அது நான்லா!" என்று நாற்காலி மேல் ஏறிக் கத்தினான் கவின். மண்டபமே சிரித்தது.

சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கவினின் அப்பாவைவிட நான்தான் பலமாகக் கைதட்டினேன்.