லாசரும் மூன்றாவது சுற்றும்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு லாசரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார். நித்திரையிலேயே," என்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேனா என்று நினைவில்லை. என் கண் மேசையிலிருந்த புள்ளி அட்டையில் நின்றது. முதல்நாள் பின்னேரம் நானும் அவரும் தொடங்கிய சண்டை. இரண்டு சுற்றுகளுக்குப் புள்ளி எழுதியிருந்தேன். மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது. "நாளைக்கு எழுதுறன்" என்று தள்ளிப்போட்டவன் நான்தான்.

லாசரை உங்களில் பலர் துறைமுகத்தின் குத்துச்சண்டைச் சம்பியனாக அறிவீர்கள். ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டு மேசையில் திங்கட்கிழமை தோறும் நாங்கள் நடத்திய சண்டைகளை அறிந்தவர்கள் குறைவு. ஒருநாளும் சந்தித்திருக்க முடியாதவர்களை நாங்கள் கற்பனையில் மோதவிட்டோம். எங்கள் பிள்ளைப் பருவத்தில் சம்பியனாக இருந்த கட்டைபறிச்சான் கந்தையா, ஐம்பது வருடம் பிந்திய கொழும்புக்காரனோடு மோதுவார். மூத்த காலத்தவர் கையுறையைத் தெரிவுசெய்வார். இளைய காலத்தவர் எத்தனை சுற்று என்று தெரிவுசெய்வார். லாசர் அடி அடியாகச் சொல்லுவார். நான் புள்ளி எழுதுவேன். மணிக்குப் பதில், தேத்தண்ணிக் கிளாசில் கரண்டி.

அவர் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று இருந்தது. "ஒருத்தனை மேசைக்கு அவன்ர முழுச் சீவியத்தோட இறக்கக் கூடாது சேர். ஒரு நாளோடதான் இறக்கவேணும். எந்த நாள் எண்டு முதல்ல சொல்லுங்கோ." கந்தையாவுக்கு மட்டும் இருபது நாட்கள் வைத்திருந்தார். காய்ச்சலோடு சண்டைக்கு வந்த நாளும் அதில் ஒன்று.

ஒருமுறை நான் சமன் என்று தீர்ப்பு எழுதினேன். லாசர் கரண்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மணி அடிக்கமாட்டன்."

"ஏன்?"

"சமன் எண்டால் நீங்கள் பாக்கேல்லை. கண்ணைப் பொத்தினனீங்கள்."

கரண்டி அடுத்த திங்கள்தான் திரும்பி வந்தது. அதுவரை என் மனைவி சீனி கலக்கியது முள்ளுக்கரண்டியால்.

இத்தனை வருடங்களில் அவர் தன்னை மட்டும் மேசைக்கு இறக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதை எழுதாமல் இந்த அஞ்சலியை எழுத ஏலாது.

லாசரின் கடைசி இறுதிப் போட்டிக்கு நானும் ஒரு நடுவர். துறைமுக அலுவலகக் கணக்கில் பிழைவிடாதவன் என்பதால் என்னை இருத்தியிருந்தார்கள். லாசருக்கு முப்பத்துமூன்று வயது. எதிரே மூதூர் நிஸ்தார், இருபது வயது. மற்ற நடுவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றதால் என் அட்டையே முடிவாயிற்று. அதிலும் முதலிரு சுற்றுகள் ஆளுக்கொன்று. மூன்றாவதில் நிஸ்தாரின் இடது கை லாசரின் முகத்தில் சுத்தமாக விழுந்துகொண்டேயிருந்தது. மைதானம் முழுக்க எங்கள் துறைமுகத்து ஆட்கள். என் கதிரைக்குப் பின்னால் ஒருவர், "சேர், நாளைக்கு வேலைக்கு வரவேணும், மறந்திடாதேங்கோ!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பகிடிதான். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. அந்தச் சுற்றை லாசருக்கு எழுதினேன். அவருடைய கையை உயர்த்தியபோது அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அடுத்த திங்கள்தான் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தார். நிஸ்தார் பிறகு எந்தப் போட்டிக்கும் வரவில்லை.

சென்ற திங்கள் லாசர் கதிரையில் இருந்த உடனே சொன்னார்: "இண்டைக்கு நானும் நிஸ்தாரும். எனக்கு இருவத்துநாலு வயசு. அவனுக்கு அதே இருவது."

அவர் தன் கைத்தொலைபேசியில் மூதூருக்கு அழைத்து ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"தம்பி, இருவத்துநாலு வயசு லாசரோட அடிபட வாறீரோ?"

"உங்களுக்கு இன்னும் அடி காணாதோ அண்ணன்?" நிஸ்தாரின் சிரிப்பு கேட்டது.

"இளையவர் நீர். எத்தனை சுற்று?"

சிரிப்பு நின்றது. "மூண்டு. மூண்டாவதைக் கொஞ்சம் வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ சேரை."

லாசர் சொல்லத் தொடங்கினார். தனக்கு விழுந்த அடி ஒன்றையும் மறைக்கவில்லை. முதல் சுற்று லாசர். இரண்டாவது நிஸ்தார். மூன்றாவது முடிந்து கரண்டி கிளாசில் பட்டதும் அவர் குனிந்து, "இந்த முறை பயப்பிடாம எழுதுங்கோ," என்றார். இந்த முறை. இத்தனை வருடத்தில் அந்தப் பழைய நாளைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். நான் பேனையை மூடினேன்.

புதன்கிழமை செத்தவீட்டில் நிஸ்தார் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். தலை நரைத்துவிட்டது, தோள் அப்படியே. பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"மூண்டாவது சுற்று ஆருக்கு சேர்?"

அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. அன்று காலையில்தான் எழுதியிருந்தேன். நிஸ்தாருக்கு என்று சொல்லிவிட்டால் எல்லாம் இலேசாகிவிடும் என்று தோன்றியது. அந்த எண்ணமும் பயம்தான் என்று அடுத்த கணம் விளங்கியது.

"லாசருக்கு," என்றேன்.

அட்டையை எடுத்துக் காட்டிச் சொன்னேன்.

"இருவத்துநாலு வயசு லாசர் உங்கட இடது கை விழமுன்னம் உள்ளால புகுந்திருப்பார். அதாலதான். ஆனால் அண்டைக்கு மைதானத்தில... அது உங்கட சுற்று. நான் பயத்தில மாத்தி எழுதினனான்."

"எனக்குத் தெரியும் சேர்," என்றார் நிஸ்தார். பிறகு பெட்டியைக் காட்டினார். "அவருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

நான் எழுந்தேன். செபம் முடிந்து எல்லோரும் அமைதியாக இருந்த நேரம். அன்று மைதானத்தில் இருந்தவர்களில் ஐந்தாறு பேராவது அங்கே இருந்தார்கள். லாசரின் மகள் நிமிர்ந்து பார்த்தாள். கடைசிக் கதிரை வரை கேட்கச் சொன்னேன்: அந்த இறுதிப் போட்டியின் மூன்றாவது சுற்று மூதூர் நிஸ்தாருடையது, வெற்றியும் அவருடையது.

நிஸ்தார் எழுந்து லாசரின் காலடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தார். "இருவத்துநாலு வயசு லாசரை ஆர் அடிக்கிறது," என்றார். "அது சரியாத்தான் எழுதியிருக்கிறீங்கள்."

செத்தவீட்டுக்கு வராதவர்களும் அறிய வேண்டும் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன். மூன்று கட்டமும் நிரம்பிய அட்டையை நிஸ்தார் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னிடம் இருப்பது அந்தக் கரண்டியும் லாசரின் விதியும். அவரை ஒரு நாளோடு மட்டும் நினைப்பதென்றால், வென்றதாக அவர் கையை உயர்த்திய நாளை நான் தெரிவுசெய்யமாட்டேன். தனக்கு விழுந்த அடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, என்னைப் பயப்படாமல் எழுதச் சொன்ன அந்தத் திங்கட்கிழமையைத்தான் தெரிவுசெய்வேன்.