லாடத்துக்கு மேலே

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில், ஒரு தனியார் மாட்டு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். அறுபதுகளின் கடைசி. வைத்தியம் நடக்கும் கொட்டகைச் சுவரில் பசுவுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று என இரண்டு படங்கள் தொங்கின. உடம்பெங்கும் கோடு இழுத்து இங்கிலீஷில் பெயர் போட்டிருக்கும். வேலை இல்லாத மத்தியானங்களில் அவற்றை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே வண்டிக்காரர்கள் சொல்லும் பெயரையும் எழுதுவேன். அலைதாடி, திமில், பிடரி, சப்பை. சப்பை என்கிற தோள்பட்டை எலும்புக்கு ஸ்கேப்புலா. இதைத் தெரிந்துகொண்டு எனக்கு ஏறிய கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. லாடமும் குளம்பின் அடியும் லாடக்காரர் பொறுப்பு, அதற்கு மேலே எங்கள் பொறுப்பு. எனக்கு அது ரொம்ப வசதி. குதிரையின் காலைத் தூக்க எனக்குப் பயம்.

ஒருநாள் ஜட்கா வண்டி ஓட்டும் பாய் தன் பெட்டைக் குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். முன்னங்கால் நொண்டியது. ஆறு பேர் குடும்பத்துக்கு அந்தக் குதிரைதான் சோறு போட்டது. டாக்டர் அம்பத்தூருக்குப் போயிருந்தார்.

"சப்பை எறங்கிக்கீது சார். ஒரு சூடு போட்டு உடுங்க."

நான் தோளை அமுக்கிப் பார்த்தேன். ஸ்கேப்புலாதான் என்று பெரிய மனுஷன்போலச் சொன்னேன். பாய் குதிரையின் முகத்தைத் தன் மார்போடு அணைத்துக்கொள்ள, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போட்டேன். பத்து நாள் வண்டியில் பூட்டக் கூடாது என்றேன்.

பத்து நாள் முடிவதற்குள் குதிரைக்கு வாய் திறக்க முடியாமல் கிட்டித்துப்போனது. வால் விறைத்து நின்றது. கண்ணின் மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு தோல் ஏறி விழியை மூடியது. டாக்டர் பாய் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, இசிவு, டெட்டனஸ், இனிப் பிழைக்காது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆணி ஏதாச்சும் குத்தியிருக்கும். அன்னைக்கே குளம்பைத் தூக்கிப் பாத்தியா?"

"பாத்தேன் சார். ஒண்ணுமில்ல."

பாய் தண்ணீர் வாளியோடு அங்கேயே நின்றிருந்தார்.

மறுநாள் காலை குதிரை செத்துப்போனது. புதைப்பதற்கு முன் லாடத்தைக் கழற்ற லாடக்காரர் வந்தார். நொண்டிய காலைத் தூக்கினார். அடியில், முக்கோணமாக மெத்தென்று இருக்கும் இடத்தில், ஒரு ஆணி தலைவரைக்கும் இறங்கிக் கிடந்தது. சுற்றிலும் கறுத்து அழுகியிருந்தது. குறடால் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து, துருவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லாடங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பாய் குதிரையின் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார் அன்னிக்கே பாத்தாரு, ஒண்ணுமில்லன்னாரு. ஊட்ல அரிசி இல்லன்னு நான்தான் நடுவுல ரெண்டு நாளு பூட்டிகினு போனேன். அப்பதான் ஆணி ஏறிக்கீது. நானே கொன்னுட்டேன் சார்."

இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். ஒரு பதிலுக்குக் காத்திருந்தார்.

"பூட்டாம இருந்திருக்கலாம், பாய்" என்றேன்.