மாடி ஏறாத இன்டர்நெட்

போன தை மாதம், திருப்பரங்குன்றத்தில், எங்கள் சொந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் நடுவே உள்ள பதினெட்டுப் படிகளில் நடந்தது இது. வெள்ளத்தில் தப்பியவர்களும் ஓடும் ரயிலில் தவறி விழுந்து பிழைத்தவர்களும் எழுதுகிற உங்கள் பத்திரிகைப் பகுதியில் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, எனக்கு வாய்த்த சோதனை இன்டர்நெட் ரூபத்தில் வந்தது.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். வாசலுக்கு நேர் எதிரே கல்யாண மண்டபம். பின்னால் மலை. மலையில் முருகன் இருக்கிறார், செல்போன் டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆகவே எங்கள் வீட்டில் அருள் கிடைக்கும், சிக்னல் கிடைக்காது. இன்டர்நெட் ஒயர் தெருவிலிருந்து முன் ஹாலுக்குள் வந்து ரூட்டரோடு நின்றுவிடும். அந்த ஹாலில்தான் என் மனைவி லேப்டாப் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துவந்தாள்.

அவள் இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் அப்பா படுக்கையில் விழுந்தபோது, எத்தனை நாள் லீவு கேட்பது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் கணக்கே போடாமல் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தில் அவள் இடத்தில் வேறு ஆள். ஒரு வருஷம் சும்மா இருந்தாள். அந்த ஒரு வருஷம் வீட்டில் எல்லாம் பளபளவென்று இருந்தன, அவள் முகத்தைத் தவிர. அப்புறம் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு ஆன்லைனில் சந்தேகம் தீர்க்க ஆரம்பித்து, அது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேராகப் பெருகியது. சாயங்காலம் ஆறு மணிக்கு முகம் கழுவி, காட்டன் புடவை மாற்றி, லேப்டாப் முன்னால் உட்காருவாள். உட்காரும்போதே முதுகு நிமிர்ந்துவிடும். நான் சத்தமாகத் தும்மினால்கூட ‘கடைசி பெஞ்ச்’ பார்வை ஒன்று வரும்.

எதிர் மண்டபத்தை ஆறு மாதமாக மராமத்துக்கு மூடி வைத்திருந்தார்கள். தை பிறந்ததும் புது ஸ்பீக்கரோடு திறந்தார்கள். முதல் கல்யாண வரவேற்பிலேயே, வட்டத்தின் பரப்பளவு கேட்ட பிள்ளைக்கு ‘பெண் வீட்டார் பந்திக்கு வரவும்’ என்று பதில் போயிற்று. சத்தம் எட்டாத ஒரே இடம் மாடியின் பின்னறை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். ரூட்டர் கீழே முன்பக்கம், அவள் மேலே பின்பக்கம். நடுவே இரண்டு சுவர், ஒரு கான்கிரீட் தளம். வைஃபை பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது.

தேற்றத்தை நிரூபிக்கும் இடத்தில் படம் உறையும். வாய் பாதி திறந்து, ஒரு கண் பாதி மூடி, விரல் உத்தரத்தைக் காட்டியபடி என் மனைவி அசையாமல் நிற்பாள். ஒரு வாலு அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி, கீழே ‘புரியுதா?’ என்று எழுதிவிட்டது. அவளே எனக்குக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு அம்மா செய்தி அனுப்பினார்: உங்கள் மேல் குறையில்லை மிஸ், பரீட்சை நேரம், அதனால் வேறு இடத்தில் சேர்க்கிறோம் என்று. அடுத்த நாள் இன்னொருவர். பதினொன்று ஆறானது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காபி ஆற்றும்போது சொன்னாள். “வர்ற வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கிறேங்க. மிச்சப் பிள்ளைகளாவது இப்பவே நல்ல இடமாப் பாத்துக்கட்டும்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கரும்பலகையைத் துடைப்பவள் மாதிரி சொன்னாள்.

நான் களத்தில் இறங்கினேன். வீட்டில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும், நிறையப் படித்தும் இருக்கிறேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு நானே சாட்சி.

ரூட்டரை மாடிக்கு மாற்ற இன்டர்நெட் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டேன். “இந்தா வாரேன் சார்” என்றார். இன்றுவரை வந்துகொண்டேதான் இருக்கிறார். திங்கட்கிழமை மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு சுருள் லேன் ஒயர் வாங்கிவந்து, ஒரு முனையை ரூட்டரில் சொருகி, ஹால் ஜன்னல் வழியாக வெளியே விட்டு, சுவரோரமாக மாடி ஜன்னலுக்கு ஏற்றினேன். அவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, அந்த வெறும்...” என்று ஆரம்பித்தாள். “நீ இரு, நான் பாத்துக்கிறேன்” என்றேன். செவ்வாய்க்கிழமை காலை மலையிலிருந்து குரங்குக் குடும்பம் ஒன்று இறங்கி வந்தது. பெரியது ஒயரில் ஊஞ்சலாடியது. குட்டி கடித்துப் பார்த்தது. பத்தே நிமிஷத்தில் என் முதல் முயற்சி தெருவில் துண்டு துண்டாகக் கிடந்தது. இருபது வருஷமாக இந்த ஊரில் குடியிருக்கிறவனுக்குக் குரங்கு ஞாபகம் வரவில்லை.

நல்லவேளை, ஞாயிறன்றே இன்னொரு பிரம்மாஸ்திரமும் ஆர்டர் செய்திருந்தேன். பவர்லைன் அடாப்டர். இரண்டு வெள்ளை டப்பா. ஒன்றை ரூட்டரோடு இணைத்துப் பக்கத்துப் பிளக்கில் சொருக வேண்டும், மற்றதை லேப்டாப்போடு இணைத்து மாடிப் பிளக்கில். சுவருக்குள் ஓடுகிற கரண்ட் ஒயரிலேயே இன்டர்நெட்டும் ஏறிப் போய்விடும். தனி ஒயர் வேண்டாம், குரங்கு பயம் வேண்டாம். புதன்கிழமை பார்சல் வந்ததும் அவளை உட்காரவைத்து விளக்கினேன். “ஏங்க, நம்ம மாடி கட்டுறப்போ...” என்றாள். “இரு, முழுசா விளக்கிடுறேன்” என்றேன்.

ஹாலிலேயே இரண்டு பிளக்கில் சொருகிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. வெற்றி. மாடிக்குக் கொண்டுபோனேன். சிவப்பு. கட்டில் பக்கத்துப் பிளக், சிவப்பு. பீரோவை நகர்த்தி அதன் பின்னால் இருந்த பிளக், சிவப்பு. மாடி முழுக்கச் சொருகிவிட்டுத் தோற்றுப்போய் இறங்கும்போது, படி திரும்புகிற இடத்தில் இருந்த பிளக்கில் சும்மா சொருகினேன். பச்சை!

ஏன் என்று யோசிக்க நேரமில்லை, மணி ஆறாகப் போகிறது. அன்று என் மனைவி ஒன்பதாவது படியில் உட்கார்ந்து, முழங்காலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள். படம் ஒருமுறைகூட உறையவில்லை. ஆனால் படிக்கட்டு ஜன்னல் மண்டபத்தைப் பார்த்து இருக்கிறது, எதிரே மறுநாள் கல்யாணத்துக்கு வரவேற்பு. செண்டை மேளத்துக்கு நடுவே ஒரு பையன், “மிஸ், பந்தியில என்ன பாயாசம் மிஸ்?” என்று கேட்டான். அவளும் சிரித்துக்கொண்டே, “சேமியா. நீ கணக்கைப் போடு” என்றாள். வகுப்பு முடிந்ததும் லேப்டாப்பை மூடினாள். “படிக்கட்டுல உக்காந்து பாடம் நடத்துற அளவுக்கு வந்துட்டேன்ல” என்றாள். நான் டப்பாவோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன்.

மறுநாள் நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அந்தக் கையேட்டை மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மொபெட் சத்தம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாடிக்கு ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியன். அவள்தான் கூப்பிட்டிருந்தாள். எனக்குத் தர்மசங்கடம். மாடி கட்டும்போது அவர் ஒயரே இல்லாத ஒரு வெறும் பைப்பைச் சுவருக்குள் பதிப்பதைப் பார்த்து, வீட்டை எலி வளையாக்குகிறாயா என்று ஆட்கள் முன்னால் கத்தியிருந்தேன். அதற்குப் பிறகு அவரை நான் கூப்பிட்டதே இல்லை.

“வாங்க தம்பி” என்றேன், குரலைத் தாழ்த்தி.

“என்னண்ணே, மாடிக்கு நெட்டு ஏறலையாமே? அக்கா சொன்னாக.”

பவர்லைன் தொழில்நுட்பத்தைப் பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு வாசலில் இருந்த மீட்டர் பெட்டிக்கு என்னைக் கூட்டிப்போனார்.

“இதுல எத்தனை மீட்டர் இருக்குண்ணே?”

“ரெண்டு.”

“கீழ ஒரு சர்வீஸு, மேல ஒரு சர்வீஸு. கீழ ஒயரு மேல போறதே இல்லண்ணே. அப்புறம் இந்த மீட்டர்லருந்து அந்த மீட்டருக்கு நெட்டு எப்படித் தாவும்? அது என்ன நம்ம மலைக் குரங்கா?”

“படிக்கட்டுல மட்டும் எரிஞ்சுச்சே?”

“படிக்கட்டுப் பாயிண்டு கீழ் மீட்டருண்ணே. நாந்தான இழுத்தேன்.”

அந்த இரண்டாவது மீட்டர் என் வாழ்நாள் சாதனை. தனி இணைப்பு வாங்கினால் இலவச யூனிட் மாடிக்குத் தனியாகக் கிடைக்கும் என்று அலையாய் அலைந்து வாங்கியது. போகிற கல்யாணத்திலெல்லாம் சொந்தக்காரர்களைப் பிடித்துவைத்துப் பெருமை அடித்திருக்கிறேன். என் புத்திசாலித்தனத்தை என் புத்திசாலித்தனமே தோற்கடித்துவிட்டது.

திரும்பி ஹாலுக்கு வந்தபோது அவள் அங்கே நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டாள். “தம்பி, அந்த வெறும் பைப் இருக்குல்ல?”

“அதத்தேன் நானும் நினைச்சேன்க்கா. அண்ணன் பூசி மூடிட்டாகளோன்னு சந்தேகம்.”

மூடவில்லை. அதன் மேல் தினசரி காலண்டர் மாட்டியிருந்தேன். அதைக் கழற்றினால் பின்னால் பெயிண்ட் அடித்த ஒரு பிளாஸ்டிக் மூடி. அவர் ஸ்க்ரூ மேல் இருந்த பெயிண்டைச் சுரண்டி மூடியைக் கழற்றினார். பைப்பின் வாயில் துருப்பிடித்த கட்டுக்கம்பி ஒன்று, நுனி கொக்கிபோல வளைந்து எட்டிப் பார்த்தது.

“பின்னாடி யாரும் ஒயர் இழுக்கணும்னா வேணும்ல, அதுக்காக அன்னைக்கே ஒரு கம்பிய விட்டு வச்சுட்டுப் போனேன். அடுத்த முனை மாடிப் பின்ரூம்ல இருக்குண்ணே.”

அன்றைக்கு என்றால், நான் கத்திய அன்றைக்கு. திட்டு வாங்கிக்கொண்டவர், கம்பியையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

குரங்குகள் மிச்சம் வைத்தது போதாது என்பதால் அவரே ஒயர் கொண்டுவந்திருந்தார். கம்பி நுனியில் அதைக் கட்டி டேப் சுற்றி, அவர் மேலே போய் இழுக்க, நான் கீழே நின்று உள்ளே தள்ளினேன். படியின் நடுவே நின்று அவள் இரண்டு பேருக்கும் தகவல் சொன்னாள். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போனது, பிறகு நின்றுவிட்டது. மேலேயிருந்து குரல் வந்தது. “முரட்டுத்தனமா இழுக்க முடியாதுண்ணே. கம்பி துருவேறிக் கிடக்கு. அறுந்தா அம்புட்டுத்தேன்!”

அவள் உள்ளே ஓடி, முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவோடு வந்து என் கையில் இருந்த ஒயர் மேல் கொட்டினாள். “பரண் மேல ஒரு வளைவு இருக்கு. அங்கதான் மாட்டியிருக்கும். கொஞ்சம் பின்னால வாங்கிட்டு...”

“அதெல்லாம் உனக்கு எப்படி...” என்று நான் ஆரம்பிக்க, மாடியிலிருந்து அவர் கத்தினார்.

“அண்ணே, அக்கா பேசட்டும்ணே! பைப் பதிக்கயில தெனமும் ஸ்கூல் விட்டு வந்து, டீ கொண்டாந்து பக்கத்துல நின்னு பாத்தவுக!”

நான் வாயை மூடினேன். அவள் சொன்னபடி ஒரு சாண் பின்னால் வாங்கினேன், ஒயரை லேசாகத் திருகினேன், “இப்ப” என்றாள். அவர் இழுத்தார். என் கையிலிருந்து ஒயர் சரசரவென்று சுவருக்குள் போக ஆரம்பித்தது. மேலே “வந்துருச்சுக்கா!” என்றார். எனக்குச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

ஆறு மணிக்கு நான் மாடிப் பின்னறை வாசலில், பவுடர் அப்பிய கையோடு நின்றிருந்தேன். வட்டம், தொடுகோடு, நிரூபணம் எல்லாம் உறையாமல் போயின. ஒரு பெண் பிள்ளை கூவியது: “மிஸ், உங்களுக்கு ரெண்டு கண்ணும் திறந்திருக்கு!” அவள் சிரித்த சிரிப்பு எதிர் மண்டபம் வரை கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது, வகுப்பு நிற்கவில்லை. போன ஐந்து பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். ஸ்டிக்கர் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்னிடமும் இருக்கிறது.

அன்று வகுப்பு முடிந்து தோசை வார்க்கும்போது கேட்டேன், பைப் இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று.

“சொன்னேனே. நீங்க ஒயரை வெளிய விட்ட அன்னைக்கு ஒரு தரம். டப்பா வந்த அன்னைக்கு ஒரு தரம்” என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

யோசித்துப் பார்த்தேன். சொல்லத்தான் செய்தாள். ‘அந்த வெறும்’ வரை வந்தது. ‘மாடி கட்டுறப்போ’ வரை வந்தது. அதற்கு மேல் வரவிடாமல் அறுத்தது சுவரும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. நெட் அவள் பேச்சை அறுத்தது ஏதோ இரண்டு வாரம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது.

இப்போதெல்லாம் அவள் “ஏங்க” என்று ஆரம்பித்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, முழு வாக்கியமும் வந்து சேரும்வரை வாயைத் திறப்பதில்லை. பாதி நாள் அது ‘பால் பொங்குது பாருங்க’ என்றுதான் முடிகிறது. பால் போனாலும் பரவாயில்லை என்று, முற்றுப்புள்ளி வரை காத்திருந்துதான் எழுந்திருக்கிறேன்.