குழாயடிப் பொம்மைகள்

அந்தப் பொம்மைகள் அவளுடையவை. அவற்றைத் திருடியவன் நான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தி.நகரில் ஒரு கைவினைப் பொருள் கடைக்கு மேலாளராக இருந்தேன். கைத்தொழில் செய்பவர்கள் அந்தத் தொழிலாலேயே தலைநிமிர்ந்து வாழ வேண்டும் என்று கூட்டங்களில் பேசுவேன். கைதட்டுவார்கள். கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசையில் காகிதக்கூழில் கொலுப் பொம்மை செய்த ஒரு பெண்ணை அப்படித்தான் தேடிப் போனேன். அந்த வருஷம் அவள் தெருக்குழாயடி ஒன்றைச் செய்திருந்தாள். குழாயைச் சுற்றிக் குடங்களோடு பெண்கள். ஒருத்தி இன்னொருத்தியின் கொண்டையைப் பிடித்திருந்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். அப்படியொரு செட்டை அதுவரை யாரும் செய்ததில்லை.

மாதிரிக்கு என்று ஒன்றை வாங்கிப் போனேன். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. "இவ ஒருத்தி செஞ்சு எப்ப முடிக்கிறது?" என்றார். அச்சு எடுக்கும் ஆளை அழைத்துவந்தவன் நான்தான். தொழிலை வளர்க்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நவராத்திரிக்கு முன்பே பிளாஸ்டரில் வார்த்த குழாயடிகள் எங்கள் கடையை நிறைத்தன.

கொலுவுக்கு வருஷம் ஒரு புதுப் பொம்மையாவது வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். மனைவியோடு மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போனேன். நடைபாதையில் அந்தக் குடிசைப் பெண் தன் குழாயடிப் பொம்மைகளோடு கடை விரித்திருந்தாள்.

"இது எங்காத்துக்காரர் கடையிலேயே வந்துடுத்தே. அதைப் பாத்துண்டு பண்ணினியா?" என்று மனைவி கேட்டாள்.

"நீயுமாம்மா? காலைலேந்து எல்லாம் இதையே சொல்லிக்கினு போவுது. இது என் கையால செஞ்சது." அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "தோ, சாரே கீறாரே. நீயே சொல்லு சார், யாருது இது?"

"நாழியாறது, வா" என்று மனைவியை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

"வாயில இன்னா சார், கொழுக்கட்டையா?" என்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

வீட்டில் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அந்த வருஷம் எங்கள் கொலுவில் புதுப் பொம்மை இல்லை. முதலாளியிடம் சண்டை போட்டு அந்த அச்சை வாங்கி, குடிசைக்கு எடுத்துப் போனேன். இனி அவள் செய்வதை அவள் பெயரோடே கடையில் வைக்கிறேன் என்றேன்.

"நாளைக்கு எம்பேருக்கும் அச்சு எடுப்பியா சார்?" என்றாள். அச்சை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நவராத்திரிக்கு ஏதோ புது செட் போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மாட வீதிக்குப் போனேன். அவள் கடையைச் சுற்றிக் கூட்டம். என் தலையைக் கண்டதும் ஒரு பழைய புடவையை எடுத்துப் பொம்மைகளின் மேல் போட்டாள். நின்றவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகுதான் புடவையை விலக்கினாள்.